இடம் பிடித்த பல்

என் மாமனாருக்கு மிச்சமிருந்த நான்கு பற்களையும் சித்திரை மாதத்தில் பிடுங்கிவிட்டார்கள். பல் போனால் சொல் போச்சு என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அவருக்கு அது வேலை போகிற சமாசாரம்.

அவர் பெயர் வேதாசலம். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் மைக்கில் பேசுகிறவர். எந்த வண்டி எங்கே போகிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் விடியற்காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை சொல்லிக்கொண்டே இருப்பார். நடுநடுவே செருப்புக் கடை, பாத்திரக் கடை விளம்பரமும் உண்டு. நிலையத்தைச் சுற்றியுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து வைத்த மைக் அது. மாதம் முழுக்க வாயில் காற்று மட்டும் வந்ததில், போன வாரம் ஒரு பெண் வீட்டார் கூட்டமாக நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பி, செங்கல்பட்டுக்குப் பதில் மதுராந்தகத்தில் போய் இறங்கியிருக்கிறார்கள். தாம்பாளத் தட்டோடு.

காஞ்சிபுரத்தில் பல்செட் தயாராகிவிட்டது, போய் வாங்கி வர ஆள் இல்லை. மாமனார் மைக்கை விட்டு அசைய மாட்டார். அசைந்தால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம். மச்சான் சேகர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவன். என் மனைவி கல்யாணிக்குப் பள்ளிக்கூட வேலை. மிச்சம் நான்தான்.

நான் அம்பாசமுத்திரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பிள்ளையார் கோயில், இரண்டு நாய்கள். இதுதான் என் தினசரிப் போக்குவரத்து. பஸ்ஸில் வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "தெக்கத்திக்காரரே, எங்க நைனாவுக்கு பல்லு வந்தாதான் எனக்கு சோறு எறங்கும்" என்றாள் கல்யாணி. ஒன்பது வருஷமாக எங்கள் ஊரில் இருந்து அவள் பேச்சு பாதி மாறிவிட்டது. காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் உத்திரமேரூர் திரும்பி வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அவள் என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, மாமனார் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். என்னோடு பேசச் சம்மதிக்கவில்லை. ஒன்பது வருஷமாக எல்லாமே மூன்றாம் ஆள் வழியாகத்தான். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவர காபி குடிக்கச் சொல்லு" என்பார். நானும் சுவரைப் பார்த்து, "மாமா சவுக்கியமான்னு கேளு" என்பேன். ஊருக்கே மைக்கில் பேசுகிற மனுஷனுக்கு என்னிடம் பேச மட்டும் ஆள் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் மனை விற்கிறவர். பார்த்த மாத்திரத்தில் நான் மனை வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். வழியெல்லாம் நெல் வயல், அதில் திடீர் திடீரென்று வெள்ளை அடித்த கல், 'நகர்' என்று முடிகிற ஒரு பலகை. எங்கள் பக்கம் வயலில் கொக்கு நிற்கும். இங்கே பலகை நிற்கிறது.

"இங்கேர்ந்து ஒரகடம் அர அவரு சார்" என்றார்.

"அரை மணி நேரத்துல போயிரலாமா?"

"வண்டி கெடச்சா."

"வண்டி எப்பம் கிடைக்கும்?"

அவர் சற்று யோசித்தார். "அது ஒரு ஒன் அவரு ஆவும்."

உண்மையைச் சொல்கிற மனை வியாபாரியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

இரவு சேகரின் மனைவி தேவகி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். நான் சொதியில் வளர்ந்தவன். தேங்காய்ப்பால் இல்லாத குழம்பைச் சந்தேகத்தோடு பார்க்கிற வம்சம். ஆனால் மூன்று உருண்டை இறங்கியது. மாமனாரும் களிதான் சாப்பிட்டார். அதற்குப் பல் வேண்டாம், விழுங்கினால் போதும். ஆனால் கருவாட்டை எடுத்து வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. யாரிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு முன்பே சேகரோடு பஸ் நிலையம் போனேன். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் பால்காரர்தான் நடமாடுவார். இங்கே திருவிழாக் கூட்டம். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், சீருடை போட்ட பெண்கள், தோளில் சோற்றுப் பை, டீக்கடையில் நின்றபடியே நாஷ்டா. ஒரு ஊரே எழுந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறது. அதற்கு நடுவே மாமனாரின் குரல் ஒலிபெருக்கியில், "ஹ... ஆ... புஹம்... ஹழி..." என்று வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னா சொல்றாரு?" "யாருக்குத் தெரியும்? வந்தா பாத்துக்கலாம்."

அப்போது ஒரு டவுன் பஸ் உள்ளே திரும்பியது. நிற்கக்கூட இல்லை. கூட்டம் அதோடு ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பைகளைப் போட்டது. சாவகாசமாக ஏறி, அவரவர் பை இருந்த இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். ஒரு சண்டை இல்லை. எங்கள் ஊரிலும் துண்டு போடுவோம். ஆனால் துண்டை எடுத்து உதறி மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டு உட்காருகிற ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு.

சேகர்தான் விளக்கினான். "கர்ச்சீப்பு போடக்கூடாது மாமா. காத்துல வந்து வியுந்துச்சுன்னு சொல்லி குந்திடுவான். வுட்டுட்டு போவ முடியாத பொருளா போடணும். சோத்து மூட்ட போட்டா எவனும் தொட மாட்டான். சோத்த வுட்டுட்டு எவன் போவான்? ஆளு வருவான்னு நம்பிக்க."

சொல்லிவிட்டு அவன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் பையைப் போட வெட்கப்பட்டுக் கடைசியாக ஏறியதில், காஞ்சிபுரம் வரை நின்றுகொண்டே போனேன். மாகறலில் ஏறிய ஒரு அம்மா என் காலின் மேல் கத்திரிக்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "கால எடுத்துக்கினு போயேன்" என்று கோபித்துக்கொண்டார்.

பல் டாக்டர் இளவயதுக்காரர். "பேஷண்ட் எங்க?" என்றார்.

"மைக்கில இருக்காவ."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பல்செட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். காயக்கூடாதாம். நான் பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வாங்கினேன். கடிக்கும்போது எங்கேயாவது இடித்தால் கண்டுபிடிக்க ஒரு நீலத் தாளும் கொடுத்தார். அதைக் கடித்தால், இடிக்கிற பல்லில் நீலம் ஒட்டும். கொண்டு வந்தால் அந்த இடத்தை ராவித் தருவார். ஆளே வந்துவிட்டால் உத்தமம் என்று மூன்று தடவை சொன்னார். மனசு குளிர்ந்து, கோயில் இட்லி இரண்டு தின்றேன். மிளகும் சுக்கும் மணக்க, செங்கல் கனத்தில் இருந்தது. எங்கள் ஊர் இட்லி மூன்று செய்யலாம் அதில் ஒன்றை வைத்து.

புதன்கிழமை இடித்தது. மேல் வரிசை உயரமாகிவிட்டது. மாமனாரால் வாயை மூட முடியவில்லை. மைக்கில் அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. "காஞ்சி டக் புரம் டக்." யாரோ குதிரை வண்டி விட்டிருக்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். மாமனார் மைக்கை அணைத்துவிட்டு, பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

செருப்புக் கடை பாய் எழுந்து வந்தார். மைக் விவகாரங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷர், கெட்ட செய்தி சொல்லத் தெரியாதவர். மேஜையில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"வேதாசலம், வெள்ளிக்கெயம முகூர்த்தம். ஜனம் ஜாஸ்தி வரும். அன்னிக்கும் இப்டியே இருந்தா கடக்காரங்க எங்கிட்ட பேஜார் பண்ணுவாங்க. வேற ஆளு பாக்க சொல்றாங்க. நான் இன்னா பண்றது சொல்லு."

மாமனார் பதில் சொன்னாலும் புரிந்திருக்காது. நீலத் தாளை வாங்கி, பல்லை மறுபடி மாட்டி, அழுத்திக் கடித்தார். கடித்தபடியே மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை போனால் இந்த மனுஷன் காலையில் எழுந்து எங்கே போவார் என்று நினைத்தேன். பாய் போன பிறகு, பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடி என் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அருகில் யாரும் இல்லாததால், சுவர்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை நான் தேர்ந்த ஆளாகிவிட்டேன். இனி நின்றுகொண்டு போவதில்லை என்று சபதம். மருந்துக் கம்பெனி கொடுத்த பச்சைப் பை ஒன்று வைத்திருந்தேன், புழுப் படத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டது. அதற்குள் டப்பா. காலை ஆறே காலுக்கு ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. எல்லாம் காற்றாகப் போய், "காஞ்சிபுரம்" மட்டும் ஓரளவு காதில் விழுந்தது. ஒரு பஸ் திரும்பியது. நெற்றியில் எழுத்து ஓடுகிற பலகை. அதில் 'வந்த' என்று ஓடியது. சரி, வந்த வண்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். ஊர்க்காரனைப் போலவே கூட ஓடி, ஜன்னல் வழியாகப் பையைப் போட்டேன். ஜன்னலோர இடம். அடடா, என்ன லாவகம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏறப் போகும்போது, சபதம் நிறைவேறிய சந்தோஷத்தில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாம் என்று தோன்றியது. பைதான் இருக்கிறதே. முதல் வாய் குடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. டம்ளரோடு ஓடினேன். அப்போதுதான் பலகையில் மிச்ச எழுத்தும் வந்தது. 'வாசி.'

பின்னால் வந்த பஸ் காஞ்சிபுரம். மாமனார் சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்தது: "இது வந்தவாசி, காஞ்சிபுரம் பின்னால வருது." பல் இல்லாததால் அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியாததால் அவர் பல் வந்தவாசிக்குப் போய்விட்டது.

மைக் அறைக்குப் போய் நின்றேன். சொல்ல ஆள் தேடினேன், யாரும் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன். "பல்லை வந்தவாசி வண்டியில போட்டுட்டேன்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு விளம்பரத் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் 'போகட்டும்' என்று எழுதி, மேஜையில் வைத்தார். யாருக்கு எழுதினார் என்று அதிலும் போடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாளில் நான் செய்த ஒரே காரியம், ஒருத்தர் பிழைப்பை ஜன்னல் வழியாக வீசியதுதான்.

மாமனார் வந்தவாசி பஸ் நிலையத்தில் தெரிந்தவருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம், "யாரு? இன்னா? டவர் இல்ல" என்றது. போனை நான் வாங்கி, "அண்ணாச்சி, ஒரு பச்சைப் பை வருது பாத்துக்கிடுங்க, உள்ள பல்லு கெடக்கு" என்றேன். அவர், "இன்னும் டவர் வரல" என்று வைத்துவிட்டார். நாங்கள் இருவர் பேசியதும் அங்கே ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கிறது.

கடைசியில் பாய் வந்து அந்த வண்டிக் கண்டக்டரைப் பிடித்தார். பேசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார், முகத்தில் சிரிப்பா திகைப்பா என்று தெரியவில்லை.

"ஜன்னலோரம் ஒரு பை கீதாம். ஆனா அது உங்க பையா இருக்காதாம். அந்த சீட்டுக்கு ஆளு வராராம்."

"யாரு வாறாவ?"

"அது தெரியலியாம். ஆனா கண்டிப்பா வருவாராம்."

ஒன்பது மணிக்கு அந்த பஸ் திரும்பி வந்தது. படிக்கட்டு வரை கூட்டம். கம்பியில் தொங்கிக்கொண்டு மனிதர்கள், ஒருவர் இடுப்பில் குழந்தை, ஒருவர் தலையில் கூடை. நடுவே ஜன்னலோரத்தில், காற்று வாங்கிக்கொண்டு, என் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. பக்கத்து இடத்தில் இருந்த ஆள்கூட அதற்கு இடம் விட்டு ஒடுங்கியிருந்தார்.

நான் ஜன்னல் வழியாகக் கை நீட்டினேன். அருகில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண், வந்தவாசி போய் நெல் மூட்டைக்குச் சணல் கட்டு வாங்கிக்கொண்டு அதே வண்டியில் திரும்பியவர், என் கையைத் தட்டிவிட்டார்.

"அத்த தொடாத. வயசானவரு சீட்டு அது."

"எந்த வயசானவரு?"

"மொதல்ல பூச்சிமருந்துன்னு தொடல. மானாம்பதில ஒரு பள்ளம், டொக்குன்னு சத்தம் வந்துச்சு. தொறந்து பாத்தா பல்லு. பாவம், எந்தப் பெரியவரோ, கர்ச்சீப்பு போட்டா எவனாச்சும் குந்திடுவான்னு வாயில கீற பல்ல கயட்டி சீட்டு போட்டுட்டு போயிகீறாரு. எவ்ளோ முடியாத மனுஷனா இருப்பாரு. அதுல எப்டி குந்தறது? வருவாரு வருவாருன்னு போவசொல்லவும் வரசொல்லவும் நின்னுகினே வர்றோம்."

சேகர் சொன்ன சட்டம்தான். விட்டுவிட்டுப் போக முடியாத பொருள். அதற்கு மேல் எதைப் போடுவது? நான் மைக் அறையைக் காட்டி, பெரியவர் அங்கே இருக்கிறார் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் மாமனார் வாயைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் சமாதானமாகி, பையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "அடுத்த தபா ஆள சீக்கிரம் ஏறச் சொல்லு." பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஊர் வந்துவிட்டது என்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்று காஞ்சிபுரம் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே போனேன். நின்றால் மடி ஏது என்று கேட்காதீர்கள், வேட்டியில் முடிந்து வைத்திருந்தேன். டாக்டர் நீலம் ஒட்டிய இடத்தை ராவித் தந்தார். இரவு களி இல்லை, கருவாடு வறுவல். மாமனார் நிதானமாக ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். 'மொறுக்' என்று கேட்டது. தேவகியைப் பார்த்து, "அவருக்கு இன்னும் ரெண்டு வையி" என்றார். மூன்றாம் ஆள் வழியாகத்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

வெள்ளிக்கிழமை முகூர்த்தக் கூட்டம். பட்டுப் புடவைகள், பூக்கூடைகள், சீர்வரிசைகள். ஒலிபெருக்கி பேசியது. "வந்தவாசி... வந்தவாசி... மானாம்பதி வழியா வந்தவாசி." அந்த 'வ' இரண்டும் உதட்டில் பட்டுத் தெறித்தன. ஜனங்கள் சரியான வண்டிக்கு ஓடினார்கள். பாய் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே, ஒரு செருப்பை நாலு தடவை துடைத்தார். பிறகு மைக் அறைக்கு ஒரு டீ அனுப்பினார். வேற ஆள் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு மத்தியான ரயில். செங்கல்பட்டு போக வேண்டும். மாமனாரிடம் சொல்லிக்கொள்ள மைக் அறை வாசல் வரை போனேன். உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். யாரிடம் சொல்லிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். ஒரு பஸ் திரும்பியது. கூட ஓடினேன், புழுப் பையைப் போட்டேன், உடனே ஏறினேன். இந்தத் தடவை டீ கிடையாது. ஜன்னலோரம். இந்த நிலையத்தில் ஏறி முதன்முதலாக உட்கார்ந்தேன். நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை வைத்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"செங்கல்பட்டு... செங்கல்பட்டு... சாலவாக்கம் வழியா செங்கல்பட்டு, ரெண்டாவது வரிசைல நிக்குது." கொஞ்சம் இடைவெளி. செருமுகிற சத்தம். "மதுராந்தகம் வண்டியில, ஜன்னலோரமா, புழுப் பைய வச்சிக்கினு குந்திக்கினு கீற மாப்ள..."

நிலையம் முழுக்கத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தது. நான் மைக் அறையைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கு."

ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. இறங்கினேன்.